பனிச்சறுக்கு விளையாடிய ஸ்டோர்கீப்பர்

2008ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரத்தில், அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது மிகை. பெரியபட்டினத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பர் வேறு எதையோ தேடப்போய், அது தானாக வந்து நின்றது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆங்கில ஆசிரியர்கள் தாங்கள் வகுப்பில் நடத்திய பாடங்களை அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம், நடத்தலாம். நான் ஆசிரியர் வேலைக்கு வந்தது 1981இல். இருபத்தேழு ஆண்டுகளில் ஓர் ஆசிரியர் இன்னொருவருக்குத் தன் பாடக்குறிப்பை எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. சாக்பீஸ் கேட்டாலே பாதியை ஒடித்துத்தான் தருவார்கள்.

அந்தச் சென்டரின் மாடியில், செவ்வாய் வியாழன் மாலைகளில், வளைகுடா நாடுகளுக்குப் போகவிருந்தவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏழு பேர், எல்லோரும் குடும்பஸ்தர்கள். புதையல் கிடைத்த மகிழ்ச்சியில் தேர்ந்தெடுக்காமல் இறக்கினேன். முதலில் நடத்திய பாடம், ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வீட்டு உரிமையாளரிடம் புகார் சொல்வது. ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் ஏழு பேரும் மாறிமாறி "என் அறை மிகவும் குளிராக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் முறையிட்டார்கள். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே முறையிட்டார்கள். கீழேயிருந்து ஏறிவந்த சென்டர்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"சார், இவங்க போறது எந்த ஊருக்குண்டு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? அங்கன போயி ஹீட்டரப் போடுண்டு கேட்டா, மூள கொழம்பிப்போச்சுண்டு திருப்பி அனுப்பிருவான்."

அடுத்த பாடம், முன்பின் தெரியாதவரிடம் வானிலையை வைத்துப் பேச்சைத் தொடங்குவது. ஒருவர் எழுந்து நியாயமான சந்தேகம் ஒன்றைக் கேட்டார். "வெயிலு அடிக்குதுண்டு நான் சொல்லுவேன், ஆமாம்பாரு. நாளைக்கும் அடிக்கும்பேன், ஆமாம்பாரு. அதுக்கு மேல என்ன சார் இருக்கு?" யோசித்துப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லைதான்.

எடுத்துக்கொண்டே இருக்கிறோமே என்ற கூச்சத்தில் நானும் ஒரு பாடம் எழுதி ஏற்றினேன். முதுகுளத்தூர் பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஆட்டுடன் ஏறிய பயணிக்கும் நடக்கும் உரையாடல். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு குளிர்தேசத்து ஆசிரியை அதன் கீழே எழுதியிருந்தார். பாடம் அருமை, ஆனால் ஆட்டுக்கு இருக்கை உண்டா என்று மாணவர்கள் கேட்டு நச்சரிக்கிறார்கள், தயவுசெய்து விளக்கவும். நான்கு பத்திகளில் விளக்கினேன்.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஐஸ் கம்பெனியில் பத்து வருடமாக வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆங்கிலம் படித்தால் புரியும், கேட்டாலும் புரியும். யாராவது எதிரே நின்று கேள்வி கேட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். சென்னையில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை நேர்முகத்துக்குப் போய், இரண்டு இடத்திலும் பேர் சொன்னதோடு நின்றுவிட்டார். இப்போது மூன்றாவதாக ஒரு வாய்ப்பு. பெரிய தொழிலாளர் முகாம்களுக்குச் சமைத்துப் போடும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. நேரில் போக வேண்டாம், இணையம் வழியாகவே குரலில் பேசுவார்கள். இதிலும் ஊமையாக உட்கார்ந்தால் இனி உன்னைக் கூப்பிடவே மாட்டேன் என்று ஏஜெண்ட் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஐஸ் கம்பெனிக்காரரின் மனைவி ஒரு நாள் சென்டருக்கே வந்து, "சார், இந்தத் தடவ எப்புடியாச்சும் பேச வச்சிருங்க. ஐஸ் கம்பெனியவும் மூடப்போறாகளாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தளத்தில் தேடினேன். "தொலைபேசி நேர்முகம்: இருபது கேள்விகள், மாதிரி விடைகளுடன்" என்று ஒரு பாடம் இருந்தது. நாற்பத்தோரு ஆசிரியர்கள் பாராட்டியிருந்தார்கள். அச்செடுத்துக் கொடுத்தேன்.

நான் செய்த பிழை அதுதான். நம் ஊரில் விடை என்று ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வார்கள் என்று, இத்தனை ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும், எனக்குத் தோன்றவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் இருபது விடைகளையும் மனப்பாடமாக ஒப்பித்தார். நிறுத்தற்குறிகூடத் தப்பவில்லை. அவற்றை எழுதிய ஆசிரியர் ஓட்டல் வரவேற்பறை வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்து எழுதியிருந்தார். எனவே ஐஸ் கம்பெனிக்காரர் வார இறுதிகளில் மலையில் பனிச்சறுக்கு விளையாடினார், மீதி நேரத்தைத் தன் பூனையோடு கழித்தார்.

"பனிச்சறுக்குன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். ஆனா அது இருந்தாத்தான் அடுத்த வரி வருது. அத எடுத்துட்டா எஞ்சின் கழண்ட மாதிரி நிண்டுருது."

"பூனை?"

"பூன பொய்யில்ல சார். கம்பெனியில நாலு கெடக்கு."

மாற்றி எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பழையது ஏற்கெனவே உள்ளே போய் இறுகிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு நேர்முகம். நான் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சென்டர் வாசலில் பதினோரு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே அவருடைய தாயார், மனைவி, பிள்ளைகள், பெரியம்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நயினார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் தந்தி வந்தால்தான் இப்படிக் கூட்டம் கூடும். சென்டர்காரர் விளக்கினார். அந்த ஊரில் வெளிநாட்டிலிருந்து பேசுகிறார்கள் என்றால் ஒருவர் மட்டும் தனியாகப் போய்ப் பேசுவது வழக்கமே இல்லை. டிரங்க் கால் காலத்திலிருந்து குடும்பத்தோடு போய், ஒவ்வொருவராக சலாம் சொல்லி, சாப்பாடு விசாரித்து, இன்னாருக்கு இன்ன சேதி சொல்லச் சொல்லி அனுப்புவதுதான் மரியாதை.

"இது குடும்பத்து போன் இல்லீங்களே, நேர்முகம்" என்றேன்.

"யாரா இருந்தா என்ன? அங்கன இருந்துதான பேசுறாக?" என்றார் தாயார். அறுபது வயதைத் தாண்டியவர். மடியில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வைத்த தூக்குச்சட்டி இருந்தது. அதை எப்படிக் கொடுக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யவில்லை. சென்டர்காரர் அதைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார், மைக்கைத் தனியாக நிறுத்தினார். நாலு மணி ஆறு நிமிடத்துக்குக் குரல் வந்தது. மெதுவான, களைத்த குரல். எந்த நாட்டுக்காரர் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை.

"நான் பேசுவது கேட்கிறதா?" என்று கம்பெனியின் மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இருபது கேள்விகளில் இந்தக் கேள்வி இல்லை. ஐஸ் கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அதை "தொடங்கு" என்று எடுத்துக்கொண்டு, முதல் விடையைத் தொடங்கி, மூச்சு விடாமல் மூன்றாவது விடைவரை போய்விட்டார்.

மேலாளர் பொறுமைசாலி. முடியும்வரை காத்திருந்து, "பனிச்சறுக்கா? எங்கே விளையாடுவீர்கள்?" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் ஒரு தாளில் "கொடைக்கானல்" என்று எழுதிக் காட்டினேன். அது இன்னொரு பொய் என்பதும், கொடைக்கானலில் பனி அப்படி விழாது என்பதும் எழுதிய பிறகுதான் உறைத்தது. கசக்கிப் பைக்குள் போட்டேன். ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மதுரையில் நடந்தது மறுபடி நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தாயாருக்கு மட்டும் அது தெரியவில்லை. நாற்காலியை இழுத்து மைக்குக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஏலே, என்ன ஊமையாட்டம் உக்காந்திருக்க? அவுக சாப்பிட்டாகளாண்டு கேளு."

"உம்மா, சும்மா இருங்க!"

"அங்கே யார் பேசுவது?" என்றார் மேலாளர்.

"என் தாயார், ஐயா. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்."

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார். அது எந்த விடையிலும் இல்லாத வாக்கியம்.

ஸ்பீக்கரில் இருந்து, "இல்லை. இன்று நேரம் கிடைக்கவில்லை" என்று பதில் வந்தது.

"என்னவாம்?"

"சாப்பிடலையாம்."

"ஊருக்கே ஆக்கிப் போடுற கம்பெனியில இருந்துக்கிட்டுச் சாப்பிடலையா? என்ன சீரு இது? எத்தன பேருக்கு ஆக்குறாக, கேளு."

அவர் கேட்டார். மேலாளர் சொன்னார். எண்ணிக்கையைக் கேட்டதும் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்புட்டு அரிசியையும் எங்கன வைக்கிறாக? தரையிலயா? மூட்டைய தரையில போட்டா ஓதம் ஏறிருமேண்டு சொல்லு."

அவர் மொழிபெயர்த்தார். மேலாளர் தொண்டையைக் கனைத்தார். சில மூட்டைகள் தரையில் இருப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

"வண்டு வருமே?"

"வருகிறது" என்றார் மேலாளர், சற்றுக் குறுகிய குரலில்.

"மொளகா வத்தல் நாலு போட்டு வைக்கச் சொல்லு. முதுகுளத்தூர் வத்தலா இருந்தா நல்லது. கெடைக்கலையிண்டா நம்ம அனுப்பலாம்."

அதற்குப் பிறகு கேள்விகளை யார் கேட்டார்கள், பதிலை யார் சொன்னார்கள் என்பதை அன்றிரவு நாட்குறிப்பில் வரிசைப்படுத்த முயன்று தோற்றேன். தாயார் கேட்பார், மகன் ஆங்கிலத்தில் சொல்வார். மேலாளர் பதில் சொல்வார், மகன் தமிழில் சொல்வதற்கு முன்னால் தானே ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சேர்ப்பார். பழைய சரக்கு முன்னால் நிற்க வேண்டும், புதியது பின்னால் போக வேண்டும், ஐஸ் கம்பெனியில் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன் என்றார். ஆள் மாறும்போது சாவியோடு சரக்கையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்றார். தான் பேசுவது ஆங்கிலம் என்பதையே அவர் மறந்துவிட்டார். உம்மாவுக்கு விளங்கவைக்கிற அவசரம்தான் முகத்தில் இருந்தது. வாக்கியங்கள் நொண்டின, ஆனால் நிற்கவில்லை. நான் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்க இடமும் இருக்கவில்லை.

நாலு மணி முப்பத்தைந்துக்கு மேலாளர் "சரி, அப்படியானால் நான்..." என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. அந்த ஆண்டு அது வழக்கம்தான். யூ.பி.எஸ். ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. திரை இருண்டது.

ஐஸ் கம்பெனிக்காரர் எழுந்தார். "போச்சா? கெடுத்து விட்டீகளா? வேல கேக்கப் போன எடத்துல வத்தல் ஏவாரமா பாக்குறது?"

"நீ பேசாம இருந்தா பெறகு யாரு பேசுறது? மலையில போயி சறுக்குனேண்டியாமே, சார் சொன்னாரு. நீ சறுக்குனது குளத்துப் பாசியில, ஏழு வயசுல. பல்லு போச்சு."

அன்று யாரும் வட்டிலப்பம் சாப்பிடவில்லை. என்னைத் தவிர. மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலு நாள் மகன் தாயோடு பேசவில்லை. வேறு ஒரு நேரம் கொடுக்கச் சொல்லி நான் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், இரண்டு முறை திருத்தினேன். அதை அனுப்பத் திங்கட்கிழமை சென்டருக்குப் போனபோது அவருடைய மின்னஞ்சல் பெட்டியில் கம்பெனியின் கடிதம் காத்திருந்தது. ஆளனுப்பி வரவழைத்துத் திறந்தோம். தேர்வாகிவிட்டார். எங்கள் முகாமில் பல மொழிக்காரர்கள் வேலை செய்கிறார்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லக்கூடியவர் தேவை என்று மேலாளர் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: மூட்டைகளையெல்லாம் மரச்சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டோம், தாயாரிடம் தெரிவிக்கவும்.

அவர் திரையை இரண்டு முறை படித்தார். பிறகு வீட்டை நோக்கி ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

"தாயாருக்காக மொழிபெயர்த்தல்" என்ற தலைப்பில் இந்த முறையைப் படிப்படியாக எழுதித் தளத்தில் ஏற்றினேன். பல நாட்டு ஆசிரியர்கள் பயன்படுத்தினார்கள். மற்ற உறவினர்களை வைத்தும் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முயலலாம், மாமியாரை வைத்து நான் சோதித்ததில்லை என்று பதில் போட்டேன்.

உள்ளூரில் அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. உம்மா பேசினால் வேலை கிடைக்கும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை மாடி வகுப்புக்கு ஆறு பேர் ஆறு தாய்மாரோடு வந்தார்கள். நாற்காலி போதவில்லை. சென்டர்காரர் கீழேயிருந்து பெஞ்சு தூக்கிக்கொண்டு வந்தபடி, "சார், பெத்தவங்களுக்கும் வருகைப்பதிவு எடுக்கணுமா?" என்று கேட்டார்.

அந்த ஆறு பேரில் ஒருவரோடு வந்தவர் தாய் இல்லை, பெரியம்மா என்று பிறகு தெரிந்தது. அவர் மூன்று பாடத்துக்கும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதருக்கு அடுத்த வாரம் நேர்முகம், சமையல்காரர் வேலை. வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுக்குப் போய், அந்தத் தாயாரிடம், "ஒரு அரைமணி நேரம் எனக்கும் வந்து பேசிக்குடுங்க, உம்மா" என்று கேட்டார்.

தாயார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலண்ட? சமையலா? நாளைக்கு மத்தியானம் மீன் ஆணம் வச்சுக் கொண்டா. தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."