நாற்பத்து மூன்று மாட்யூல்கள்

இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

சேர்ந்த மூன்றாம் மாதம் அது நடந்தது. ரத்தப் பைகளின் மேல் எண்ணைக் கையால்தான் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் போட்ட ஏழு இன்னொருத்தி கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது. தவறான பை வார்டு வாசல்வரை போய்விட்டது. நல்லவேளை, யாரோ கவனித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஏழு போட்ட நர்ஸ் அலமாரி ஓரமாக நின்று அழுததை டீச்சர் பார்த்தாள். இனி எண்ணை மெஷின்தான் அச்சடிக்க வேண்டும், பார்கோடோடு என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

பார்கோடு வரைய, யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த மாட்யூல் ஒன்று, அதாவது தயாராக எழுதிவைத்த புரோகிராம் துண்டு, கிடைத்தது. தன் புரோகிராமோடு சேர்த்தாள். அரை மணி நேரத்தில் ஸ்டிக்கர் வந்து விழுந்தது. கால் தரையில் பாவாமல், அதை ஏற்றச் சொல்ல சர்வர் அறைக்குப் போனாள்.

அங்கே இருந்த அதிகாரிக்குப் பட்டப்பெயர் பூட்டு. நிஜ வேலை ஓடும் சர்வரில் அவரைக் கேட்காமல் ஈ நுழைய முடியாது. இணையத் தொடர்பைக்கூட அதற்கு அவர் கொடுக்கவில்லை.

"மாட்யூல் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

அவர் பட்டியலைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்த ஒன்று வேறு நாலை நம்பி இருந்தது. அந்த நாலும் இன்னும் பலதை. மொத்தம் நாற்பத்து மூன்று.

"இதுல எத்தனையைப் படிச்சிருக்கீங்க?"

டீச்சர் அந்த முதல் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்திருக்கவில்லை.

"வெளியாள் எழுதுன புரோகிராம் உள்ள வரணும்னா, ஒருத்தர் முழுசாப் படிச்சுக் கையெழுத்துப் போடணும். விதி அப்படி. இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல."

"நான் போடறேன் சார். இருபது வருஷம் பேப்பர் திருத்தினவ."

காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேஜையில் மாட்யூல்களை அச்செடுத்த காகிதக் கத்தையும் சிவப்புப் பேனாவுமாக உட்காருவாள். பஸ் ஓட்டப் புறப்படும் கணவன் எட்டிப் பார்ப்பான்.

"யாரோ எழுதின பரீட்சை. ஃபெயில் போட்டாலும் அவங்களுக்குத் தெரியப்போறதில்ல. உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?"

"பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க பிரேக்கை மிதிச்சுப் பார்க்கறதில்லையா?"

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. டிபன் கட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்.

படிக்கப் படிக்கத் தெரிந்தது, பாதிக்கு மேல் வெட்டிச் சுமை. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடுவதற்கென்றே ஒரு மாட்யூல்! அதைத் தானே பதினொரு வரியில் எழுதினாள். இப்படித் தள்ளத் தள்ள நாற்பத்து மூன்று ஒன்பதாகச் சுருங்கியது.

அந்த ஒன்பதில் ஒன்றின் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பேனா நின்றது. எழுத்துருவை அது வெளியே இணையத்திலிருந்து எடுத்துவரப் பார்த்தது. கிடைக்காவிட்டால் எண்ணை விட்டுவிட்டு பார்கோடின் வெறும் கோடுகளை மட்டும் அச்சடித்துவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. அவள் கம்ப்யூட்டரில் இணையம் இருந்ததால் எல்லாம் சரியாக வந்திருந்தது. இணையமே இல்லாத சர்வரில் ஏறியிருந்தால் நர்ஸ்கள் எண்ணை எழுத மறுபடி பேனாவை எடுத்திருப்பார்கள். டீச்சர் அந்த வரியை வெட்டி, எழுத்துருவை இறக்கி மாட்யூலின் பக்கத்திலேயே வைத்தாள். மாட்யூல் எழுதியவருக்கும் கடிதம் போட்டாள்.

முதல் தடவை அவள் கொண்டுபோனதைப் பூட்டு திருப்பி அனுப்பினார். "மாட்யூலையெல்லாம் பொது ஃபோல்டர்ல வச்சிருக்கீங்க. மத்த புரோகிராமும் இதைத் தொடும். உங்க ஃபோல்டருக்குள்ளயே இருக்கணும்." அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. விழுங்கிக்கொண்டு, இடம் மாற்றி, எல்லாச் சோதனையையும் ஒன்று விடாமல் மறுபடி செய்தாள்.

இரண்டாம் தடவை அவர் குறிப்புகளை மெதுவாகப் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றார்.

"இதை நானா இருந்தா விட்டிருப்பேன் டீச்சர்," என்றார். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

ஸ்டிக்கர்கள் வர ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு பைகூட வார்டிலிருந்து திரும்பவில்லை. அந்த ஒன்பதில் எதற்காவது புதுப் பதிப்பு வந்தால், மாறிய வரிகளைப் படிக்காமல் டீச்சர் உள்ளே விடுவதில்லை. போன மாதம் ஒன்றை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். சர்வர் அறையில் இப்போது அவளுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.