சட்டைப்பையில் இருந்த விசில்

கிள்ளானில் மகளின் பள்ளி வாசலில் காவலாளி லாரியை நிறுத்த விசில் ஊதினார். நடந்துகொண்டிருந்த நான் சட்டென்று நின்றுவிட்டேன்.

"அது லோரிக்குலா ம்மா, நமக்கு இல்ல," என்று மகள் கையை இழுத்தாள்.

எண்பதுகளில், எனக்கு எட்டு வயது. அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் வேலை பார்த்தார். அங்கே விசில் கேட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காமல் விரல்களை இழந்தவர்கள் உண்டு. வேலை முடிந்து அதே ஆட்கள்தான் காற்பந்து ஆடுவார்கள். அந்த வருடம் கிண்ணப் போட்டியில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டார்கள்.

"சட்டைய பத்திரமா வச்சிக்கம்மா," என்று என் மடியில் போட்டுவிட்டு அப்பா ஸ்டேஷன் பக்கத்துத் திடலில் இறங்கினார். சட்டைப்பையில் அவருடைய வேலை விசில் இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம், ஆளுக்கு ஒரு கோல். பந்தோடு ஓடிய எதிரணிக்காரனை அப்பா எட்டிப் பிடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசிலை எடுத்து ஊதினேன்.

அப்பா அப்படியே நின்றார். பந்து எங்கள் வலைக்குள் போனது. நான் விசிலைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டேன்.

"ஏன்டா நின்ன?" என்று குழுத் தலைவர் கத்தினார்.

"ஸ்டேஷன்ல அடிச்சாங்கண்ணே. ரெஃப்ரின்னு நெனச்சிட்டேன்," என்றார் அப்பா.

அதன்பிறகு அவரை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில் அப்பா சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். அதில் என் எச்சில் இன்னும் காயவில்லை. சட்டை நுனியால் அதைத் துடைத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.