ஊருக்குப் புறப்படும் காய்ச்சல்

இந்த ஜெர்மனியில் விடுமுறைக்கு ‘உர்லாப்’ என்று பெயர். தை மாதக் குளிரில், ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடக்கும்போதே, ஆஸ்பத்திரியில் நாங்கள் காபி குடிக்கும் அறையில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். யாரும் சாகவில்லை, யாருக்கும் கல்யாணமில்லை. சும்மா கடற்கரையில் படுத்துக் கிடப்பதற்கு லீவு எடுக்கிறார்கள். நம் ஊரில் லீவு என்றால் எதற்கு என்று கேட்போம். இங்கே எங்கே என்று கேட்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் எனக்கும் ஊருக்குப் போக முதல் உர்லாப் கிடைத்தது. எங்கே என்றார்கள். சங்கரன்கோவில் என்றேன். அங்கே கடல் உண்டா என்றார்கள். இல்லை என்றதும் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியை அடுக்குவேன், அடுத்த நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி அடுக்குவேன். நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தால் கால் தரையில் இல்லாததுபோல் இருக்கும். வெள்ளை வெளேரென்ற அந்த வராந்தாவில் நான் நடக்கவில்லை, மிதந்துகொண்டிருந்தேன். ஊருக்குப் போவதற்கா இப்படி ஒரு பயம் என்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். என்னைப்போல் வெளியே வந்தவர்களுக்குத் தெரியும்.

என் மகள் பியூலா பிறந்த கொஞ்ச நாளில் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, பிள்ளையில்லாத என் அக்காதான் சொன்னாள். “நீ போயிட்டு வாட்டி. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.” சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அக்கா இடுப்பில் இருந்துகொண்டு பியூலா ரயிலில் இருந்த எல்லோருக்கும் டாட்டா காட்டினாள். முறுக்கு விற்கிறவருக்கும் காட்டினாள், எனக்கும் காட்டினாள். எனக்கென்று தனியாக ஒரு டாட்டா இல்லை. அப்போது அவளுக்கு நடக்கத்தான் தெரியும். இந்த உர்லாப் கிடைத்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

அவளுக்குக் கவுன் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். குழந்தை எவ்வளவு உயரம் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். கையை முட்டிக்கு மேலே வைத்துக் காட்டினேன். இல்லையே என்று தோன்றி இடுப்புக்கு உயர்த்தினேன், பிறகு கொஞ்சம் இறக்கினேன். என் கை அந்தரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பாஷை புரியவில்லை என்று நினைத்து, அவள் அதே கேள்வியை மெதுவாக, உரக்க, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். கேள்வி நன்றாகவே புரிந்தது. ஏதோ ஒரு நீலக் கவுனைச் சுட்டிக்காட்டினேன்.

எங்கள் வார்டின் தலைமை நர்ஸ் ஹில்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு ரைஸஃபீபர்” என்றாள். ஃபீபர் என்றால் காய்ச்சல். நான் தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயணம் புறப்படுமுன் வருகிற பதற்றத்துக்கு இந்தப் பாஷையில் அப்படி ஒரு பெயராம். விமானம் ரொம்பப் பத்திரமானது, பயப்படாதே என்று தேற்றினாள். விமானத்துக்கு நான் பயப்படவில்லை என்று சொல்ல என்னிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. “என் குழந்தை. அதற்கு என்னைத் தெரியாது” என்று மட்டும் சொன்னேன்.

ஹில்டா சிரிப்பை நிறுத்தினாள். அன்று சாயங்காலம் ரைன் நதிக்கரையில் நாங்கள் நடந்தபோது சொன்னாள். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து அவளை ஒரு கிராமத்துப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்களாம். போர் முடிந்து அம்மா கூட்டிப்போக வந்தபோது, அடையாளம் தெரியாமல் ஹில்டா மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்துகொண்டாளாம்.

“அம்மா என்ன செய்தாள்?”

“கூப்பிடவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆப்பிள் தின்றாள். எனக்குப் பசித்தது.”

ஆற்றில் நீளமான படகுகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அன்று தூக்கம் வந்தது.

சங்கரன்கோவிலில் காலை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் இறங்கினேன். அக்கா மட்டும் நின்றிருந்தாள்.

“பிள்ளை எங்கக்கா?”

“வீட்ல பக்கத்து வீட்டு மதினிகிட்ட விட்டுட்டு வந்தேன். நீ வாரன்னு சொன்னதுல இருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கலட்டி. வயித்த வலிக்குங்கா. டாக்டர்ட்ட காட்டினா ஒண்ணும் இல்லங்காரு.”

பிளாட்பாரத்தில் நின்று சிரித்தேன். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை தூரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எனக்கும் என் மகளுக்கும் ஒரே காய்ச்சல் அடித்திருக்கிறது. நான் அவளுக்கு யாரோ ஒருத்தி அல்ல.

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை நுனி தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, அக்கா வைத்த இட்லியைத் தின்னத் தொடங்கினேன். எத்தனையோ நாள் பசி. ஒரு முகம் எட்டிப் பார்த்தது, மறைந்தது, மறுபடி எட்டிப் பார்த்தது. என் கை காட்டிய எந்த உயரத்துக்கும் அவள் பொருந்தவில்லை, அதைவிட வளர்ந்திருந்தாள்.

“நீங்கதான் ஜெர்மனியா?” என்றாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆமா” என்றேன்.

“எப்பம் போவீங்க?”

“இப்பம்தான மக்கா வந்திருக்கேன்.”

அவள் யோசித்தாள். பிறகு பக்கத்தில் வந்து குத்தவைத்து, என் தட்டிலிருந்து ஒரு துண்டு இட்லியைப் பிய்த்து, சட்னியில் தொட்டு வாயில் போட்டாள்.

நான் திரும்பிப் போக வேண்டிய வாரம் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மூவரும் பாயில் படுத்திருந்தோம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பழகிய காதுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை, நின்றால்தான் கேட்கும். திடீரென்று கரண்ட் போய்த் தெரு முழுக்கத் தறிகள் அடங்கின. அந்த நிசப்தத்தில் பியூலா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, “யம்மா” என்றாள்.

“என்ன மக்கா?” என்றோம், அக்காவும் நானும், ஒரே குரலாக.

அவள் அரைத் தூக்கத்தில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரைக் கூப்பிட்டாய் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோரைப் பாயின் வரி பதிந்த கன்னத்தோடு, எங்களுக்கு நடுவில் அவள் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.