போர்ன்ஹோல்ம் தோர்ஸ்க்

கோப்பன்ஹேகனில் ஒரு மீன் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மீனை வெட்டி, ஈரலை நிறுத்து, மீனின் வயதையும் வளர்ச்சியையும் காட்டும், காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை எடுத்து உறையில் போட வேண்டும். நான் மன்னார்க்காரி, மீன் நாற்றம் எனக்கு ஒன்றும் செய்யாது என்று நேர்முகத்தில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

போர்ன்ஹோல்ம் தீவில் இருந்த ஒரு மீனவர்தான் எங்களுக்குத் தோர்ஸ்க் என்கிற கோட் மீன் பிடித்துத் தருவார். அறுபது தாண்டியவர். தகப்பன் காலத்துப் படகு. பால்டிக் கடலில் தோர்ஸ்க் பிடிக்கத் தடை வந்த பிறகு, ஆய்வுக்கென்று கொஞ்சம் பிடிக்க மட்டும் அவருக்கு அனுமதி இருந்தது.

ஒருமுறை நானே மீன் எடுக்கத் தீவுக்குப் போனேன். பெட்டியைத் திறந்து காட்டினார். தலை மட்டும் பெரிது. உடம்பு வற்றி ஒட்டிப்போயிருந்தது. ஒன்றைக் கீறினேன். ஈரல் முழுக்கப் புழு.

"கடல்நாயிலிருந்து வருகிற புழு," என்றார். "சரி, தடை போட்டாயிற்று. நாங்கள் தொடாமல் விட்டால் இது பழையபடி பெரிதாக வளருமா?"

பதில் எனக்குத் தெரியும். பழைய காதுக் கற்களையும் புதியவற்றையும் மாதக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்திருந்தோம்.

"வளராது போலிருக்கு," என்றேன். "பெரிய மீனெல்லாம் வலையில் போய்விட்டது. சின்னதாக இருக்கும்போதே முட்டை போட்டவைதான் தப்பின. இப்போது இருக்கிறவை அவற்றின் பிள்ளைகள். வளராமல் இருப்பது இவற்றின் இரத்தத்திலேயே ஊறிவிட்டது."

"அப்படியென்றால் வட கடலில் இருந்து நல்ல மீன் வரட்டுமே."

"வரும். ஆனால் இங்கே குஞ்சு பொரிக்காது."

பனியுகம் முடிந்த பிறகு மேற்கிலிருந்து வந்த தோர்ஸ்க், இந்த உப்புக் குறைந்த தண்ணீருக்கு ஏற்றபடி ஆயிரக்கணக்கான வருடங்களாக மாறி வந்தது. இதன் முட்டைதான் இங்கே மிதக்கும். மற்றத் தோர்ஸ்க்கின் முட்டை அடியில் போய், ஒட்சிசன் இல்லாத தண்ணீரில் செத்துவிடும். அதை விளக்கிச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது.

அவர் பெட்டியை மூடினார். "சின்னதைத் திருப்பிக் கடலில் விடு, அது வளரட்டும் என்று அப்பா சொல்லுவார். நாங்கள் நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏன் முகம் வாடிக் கிடக்கு? சாப்பிடும்," என்றார் கணவர்.

"தோர்ஸ்க் இனித் தேறாது எண்டு அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு வாறன்."

"கடையிலை தோர்ஸ்க் குவிஞ்சுதானே கிடக்கு?"

"அது நோர்வேயிலை இருந்து வாறது. இஞ்சத்தை மீன் முடிஞ்சுது."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மீனவர் படகை உடைக்கக் கொடுத்தார். மிச்சமிருந்த மாதிரிகளை எடுக்க நான் அன்று தீவுக்குப் போயிருந்தேன். கிரேன் மேல்தட்டைக் கவ்விப் பிய்த்தபோது மரம் முறிகிற சத்தம் துறைமுகம் முழுக்கக் கேட்டது. இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கடைசிவரை நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

குளிர்காலத்தில் அவருடைய மனைவி ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கடலில் நிற்கும் காற்றாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகில் அவர் வேலைக்குச் சேர்ந்தாராம். ஒரு மாதத்தில் விட்டுவிட்டாராம். கடைக்குப் போனால்கூடத் துறைமுகத்தைப் பார்க்காமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாராம்.

"அந்த முட்டைக் கதையையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். நீ வந்து வேறு மாதிரி ஏதாவது சொல்ல முடியுமா?" என்றார்.

"அவர் சாப்பிடுகிறாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"சூப் குடிக்கிறார்," என்றார் மனைவி.