பவுலின் பெயரில் இருந்த வரி

பவுலின் சந்தாபுரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் மெஷினை அணைத்துவிட்டாள் என்ற செய்தி, சிங்கப்பூரில் எனக்கு மதியச் சாப்பாட்டோடு வந்தது. சொன்னவர் ரங்கநாதன். பெங்களூர் ஆபீசிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர்.

"நான் பாக்கல சஞ்சய், அங்க ஆபீஸ்ல இருக்கற கிரண் சொன்னான். பேஷன்ட் படுத்திருக்கையிலயே ஆஃப் பண்ணிட்டாங்களாம். அவங்க எழுதுன ஏதோ ட்ராக்கர்தான் மெமரிய கெடுத்துச்சுன்னு பேச்சு. திங்கக்கிழமை விசாரணை. வேலை போயிடும்ங்கறாங்க."

கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

ஐந்து வருஷம் பவுலினுக்கு அடுத்த இருக்கையில் இருந்தவன் நான். பெங்களூர் காக்ஸ் டவுன்காரி. தட்டச்சு வேலைக்கு வந்து, டெஸ்டிங்குக்கு மாறி, இரவல் புத்தகங்களைப் படித்தே, கம்ப்யூட்டரின் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிமட்ட நிரலான கெர்னலுக்குள் நுழைந்தவள். கன்னடத்தில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானமாவாள். ஆங்கிலத்தில் மெயில் எழுதத்தான் பயம். என்னிடம் காட்டாமல் ஒன்றையும் அனுப்ப மாட்டாள். வீட்டில் அம்மா பெர்னதெத் மட்டும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் வேலையை அவள்தான் விளக்குவாள்.

"பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட்டு புடிக்கிறோமில்ல, அதான்பா பின். ஸ்கேன் மெஷின் படத்த எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த மெமரி பக்கத்த வேற யாருக்கும் குடுக்காதேன்னு கெர்னலுக்குச் சொல்றோம். முடிஞ்சா எடுத்துடணும்."

"எடுக்க மறந்துட்டா?"

"சீட்டு சும்மா கெடக்கும், மெஷின் மெதுவாயிடும். அவசரப்பட்டு எடுத்தேன்னு வெச்சிக்கோ, ஒருத்தர் மடியில இன்னொருத்தர் உக்காருவார்."

ஒரு பக்கத்தின் மேல் எத்தனை கர்ச்சீப் கிடக்கிறது என்பது மட்டும்தான் கெர்னலுக்குத் தெரியும். யாருடையது என்று தெரியாது. பவுலினை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

2002 ஆயுதபூஜைக்கு முந்தின நாள். ஸ்கேன் மெஷினை இயக்கும் எங்கள் டிரைவர் புரோகிராமில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மெமரி பக்கம் விடுபடாமல் நின்றது. மேனேஜர் கஸ்தூரிரங்கன் ஐந்து மணிக்குள் எல்லா கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொல்லியிருந்தார்; பொட்டு வைத்த மெஷினைப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. மூன்று நாள் ஓட வேண்டிய டெஸ்டும் அதோடு நின்றது. என் மெஷினுக்கு ஏற்கெனவே சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே செவ்வந்திச் சரமும் போட்டுவிட்டார்கள். பவுலினுடையது மட்டும் அணையாமல் இருந்தது.

"உன்னுது ஆஃப் ஆயிடுச்சுன்னா என்னுதுல உக்காரேன். சீக்கிரம் அடிச்சிட்டு எந்திரிப்பா, பொரி குடுக்கறாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் மிச்சமிருக்காது" என்றாள்.

நிரலில் ஒரே ஒரு வரி அடித்தேன்: முடிவில் இன்னொரு பின்னை எடுத்துவிடு. எண்ணிக்கை பூஜ்யம் வந்தது. மிஞ்சி நின்றது யார் போட்ட பின் என்று நான் தேடவில்லை. அவள் மெஷின் என்பதால் வரி அவள் பெயரில் பதிவானது. பூஜைக்குப் பிறகு அந்த டெஸ்ட்டை யாரும் மறுபடி ஓட்டவில்லை. ஜனவரியில் நான் சிங்கப்பூர் வந்துவிட்டேன்.

அந்தக் கடைசிப் பின், படத்தின் அடிப்பட்டையை மெஷின் இன்னும் எழுதிக்கொண்டிருந்தபோது கிடந்த பின். எழுதி முடிப்பதற்குள் நான் அதை எடுத்துவிட்டேன்.

இதைக் கண்டுபிடித்தவள் பவுலின். எந்தப் பின்னை யார் போட்டது, யார் எடுத்தது என்று ஒவ்வொன்றையும் குறித்துவைக்கும் ட்ராக்கர் ஒன்றைத் தானே எழுதி ஓட்டியிருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் எனக்கு மெயில் வந்தது. இந்த முறை தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். "அந்தப் பூஜை நாள் வரி உன்னோடதுதானே? ஏன் போட்டேன்னு ரெண்டு வார்த்தை எழுது. சார், அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்மாங்கறார். மெஷின் சந்தாபுராவுல ஓடிட்டிருக்குப்பா."

என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் சமயம் அது. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே வைத்தேன்.

"அங்க போய் என்னதான் பார்த்தாங்களாம்?" என்று ரங்கநாதனைக் கேட்டேன்.

"ஒரு அம்மாவோட வயித்துப் படத்துல, அடியில ஒரு பட்டை மட்டும் முன்னாடி படுத்த ஆளோட ஈரலாம். சரி பண்ற வரைக்கும் ஓட்டாதீங்கன்னாங்களாம். டாக்டர் சிரிச்சாராம். அணைச்சிட்டாங்க."

"தப்பு வரி யார் பேர்ல இருக்கு?"

"அவங்க பேர்லதான். அதான் சிக்கலே. கேட்டா வாயத் தெறக்கலையாம். ஏன் சாப்பாட்ட வெச்சிட்டீங்க?"

மெயிலுக்கு நான் பதில் எழுதாததை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் யோசித்தேன். நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். அல்லது, நான் சொல்ல மாட்டேன் என்றே முடிவு கட்டியிருக்கலாம்.

தட்டை நகர்த்திவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். பெங்களூரில் பத்தரை மணி. கஸ்தூரிரங்கன் சீட்டில்தான் இருப்பார். நேர் எண்ணைப் போட்டேன். "சார், அந்த வரி நான் போட்டது" என்ற வாக்கியத்தைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொன்னால் குற்றம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. தமிழிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. எட்டு வரை எண்ணினேன். வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.