சிரிப்பு வந்ததா, வரவில்லையா?

ஒரு ஜோக்கைக் கேட்டுவிட்டு, சிரிப்பு வந்ததா வரவில்லையா என்று சொல்வதுதான் என் வேலை. இதற்குச் சம்பளம் உண்டு என்றால் எங்கள் கோலார் தங்கவயலில் யாரும் நம்புவதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

பார்க்கிறவரின் ரசனைக்குத் தக்கபடி நொடியில் காமெடிக் காட்சி தயாரித்துக் கொடுக்கும் ஒரு செயலிக்காகத்தான் இந்த வேலை. கதை, வசனம், முகம், குரல் எல்லாமே செயற்கை நுண்ணறிவு. ஆனால் தான் சொன்னது ஜோக்தானா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேற வேண்டியது, போய் ஹெட்போன் மாட்ட வேண்டியது, 'வந்தது', 'லேசாக வந்தது', 'வரவில்லை' என்ற பொத்தான்களில் ஒன்றை ஷிஃப்ட் முடியும்வரை அமுக்க வேண்டியது. அதற்கு முன் உள்ளூர் கேபிள் டிவிக்கு நையாண்டி நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியில்தான் எடுத்தார்கள். மேலதிகாரி சொன்ன ஜோக்குக்குப் பல்லைக் காட்டி வைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே சாதிதான்; மேலே படியுங்கள்.

அத்தை கட்டிக் கொடுத்த சோறு

செயலிக்கு மாமியார் என்றால் உயிர். 'மாமியாருக்கு செல்போன் வாங்கித் தந்தேன். இப்போது வீட்டில் இரண்டு பேர் சத்தமாகப் பேசுகிறார்கள்' என்று சொல்லும். சொல்லிவிட்டு அதுவே பின்னணியில் சிரிப்பொலியும் போட்டுக்கொள்ளும். 'வரவில்லை' என்று அமுக்கினால், மாமியாருக்குப் பதில் மாமனாரைப் போட்டு அதே ஜோக்கை மறுபடி அனுப்பும்.

பக்கத்து நாற்காலியில் விமலா. பங்காருபேட்டைக்காரி, என்னோடு ரயிலில் வருகிறவள். ஒருநாள் மத்தியானம் வரைக்கும் அவளுக்கு மாமியாரைத் தவிர வேறெதுவும் வரவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "எங்க அத்தை விடிகாலையில எழுந்து கட்டிக் குடுத்த சோறு இது, அக்கா. இதைத் துன்னுக்கினே அவங்களைத் திட்டுற ஜோக்குக்கு மார்க்கு போட்டுக்கினு கீறேன். சாயங்காலம் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

பாதிரியாரும் ரவுடியும்

எங்கள் ஊர்த் தமிழிலும் காமெடி வேண்டும் என்று மேலிடத்தில் ஒருநாள் முடிவெடுத்தார்கள். செயலியும் உடனே கற்றுக்கொண்டது. அதன் கணக்கில் 'இன்னா' என்று பேசுகிறவன் ஒன்று குடித்திருப்பான், இல்லை கத்தி வைத்திருப்பான். மருத்துவர், ஆசிரியை, பாதிரியார் எல்லாரும் செய்தி வாசிப்பது போலச் சுத்தமாகப் பேசினார்கள்.

எங்கள் குழுத் தலைவர் கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன், மரியாதைக்குக் குறைவில்லை. அவரிடம் போய், எங்கள் ஊரில் பாதிரியாரே ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்ண வந்தால் 'இன்னாம்மா, எப்படிக் கீறே?' என்றுதான் கேட்பார், எங்களுக்கும் அது ஆறுதலாகத்தான் இருக்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது நிஜமா இருக்கலாங்க மேடம். ஆனா பார்க்கறவங்க நம்பணுமில்லீங்களா?"

குழாய் மட்டும் போதும்

செயலிக்கு நையாண்டி சுத்தமாக வரவில்லை. யாரைக் கிண்டல் பண்ணச் சொன்னாலும் கடைசியில் அவரைப் பாராட்டி முடித்துவிடும். மாதிரிக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பேனா பிடிக்கச் சொல்கிறார்களே என்று ஆசையாக உட்கார்ந்தேன். ஒரு தெருக் குழாய். அதைத் திறந்து வைக்க ஒரு கவுன்சிலர் மாலையும் மேளமுமாக வருகிறார். திறந்தால் காற்றுதான் வருகிறது. அந்தக் காற்றுக்கும் கூட்டம் கைதட்டுகிறது. எழுதும்போதே எனக்குப் பிடித்திருந்தது.

திருத்தங்களோடு திரும்பி வந்தது. கவுன்சிலர் வேண்டாம், பெரியவர் என்று போடலாம். ஊர் வேண்டாம். மாலை ஒரு சமூகத்தைக் குறிக்கலாம், மேளம் இன்னொன்றைக் குறிக்கலாம், இரண்டும் வேண்டாம். கைதட்டும் கூட்டம் மக்களைக் கேலி செய்கிறது. கடைசியில் ஒரு பெரியவரும் ஒரு குழாயும்தான் மிஞ்சினார்கள். தண்ணீர் வராததையாவது விட்டு வையுங்கள் என்று கெஞ்சினேன். கார்த்திக் மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தார். "குழாய் இருக்கட்டுங்க மேடம். தண்ணிப் பேச்சு மட்டும் வேண்டாம்."

முட்டைத் தட்டு

இந்த வேலையில் கையோ காலோ போகாது. வேறொன்று போகும். வீட்டில் ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தாஸ் அன்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வந்திருக்கிறார், சேற்றில் வழுக்கியிருக்கிறது, ஒரு முட்டைகூட உடையாமல் தட்டை மேலே பிடித்தபடி உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்ச தூரம் சறுக்கியிருக்கிறார். நான் முழுசாகக் கேட்டுவிட்டு, ஆரம்பம் நன்றாக இருக்கிறது, முடிவில் மட்டும் இழுவை என்றேன்.

நான் கிண்டல் செய்யவில்லை. வாயில் அப்படித்தான் வந்தது. அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். தோல் வழன்று ரத்தம் கட்டியிருந்தது. "நான் ஜோக்கு சொல்லலை கிரேஸ். அடிபட்டுச்சு, அத்தச் சொன்னேன்."

மருந்து போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அறுப்புப் பண்டிகை

எங்கள் சர்ச் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகைக்கு வருஷா வருஷம் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு முடித்ததும் ஒரு சிரிப்பு நாடகம் நடக்கும். நான்தான் எழுதுவேன். இந்தத் தடவை வாலிபர் சங்கத்துப் பையன்கள் செயலியில் ஒரு படம் செய்திருந்தார்கள். இரண்டையும் போடலாம் என்று முடிவாயிற்று. படம் முதலில் ஓடியது. பளபளவென்று இருந்தது. ஏதோ ஒரு சபையில் ஏதோ ஒரு நல்ல மனிதர் குடையை மறந்துவிட்டுத் தேடுகிறார். ஜனங்கள் தலையாட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

அடுத்து என் நாடகம், மூன்று பெண்கள் நடித்தது. ஒரு செயலாளர் 'சுருக்கமா ஒரே ஒரு அறிவிப்பு' என்று மைக்கைப் பிடிக்கிறார், ஆராதனை முடியவில்லை, வெளியே பிரியாணி ஆறுகிறது, பசி தாங்காமல் ஒருத்தி காணிக்கைக்கு வந்த வாழைப்பழத்தை உரிக்கிறாள். எங்கள் சபைச் செயலாளர் ஜெயசீலன் அண்ணன் முன் வரிசையில் இருந்தார். அப்போதுதான் ஏலத்தில் எடுத்த பெரிய பூசணிக்காய் அவர் மடியில். முதலில் அவரும் சிரித்தார். பிறகு எல்லாரும் ஏன் தன்னையே திரும்பிப் பார்க்கிறார்கள் என்று யோசித்தார். பிறகு எழுந்தார். பூசணிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தவர், பாதியில் நின்று, மேடையைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றார். சபையே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்றோ!

மறுநாள் அவர், சுரங்கக் கம்பெனிக் காலத்து வரிசை வீடான எங்கள் ஸ்கெலட்டன் வீட்டுக்கே வந்துவிட்டார். காபி கொடுத்தேன், தொடவில்லை. உங்களை மட்டும் நினைத்து எழுதவில்லை அண்ணே என்று ஆரம்பித்தேன். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அடுத்த வருஷத்திலிருந்து பையன்கள் படம்தான், கமிட்டியில் பேசிவிட்டேன் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட் அருகே போனவர் திரும்பினார். "பசங்க போட்ட படத்துல ஒருத்தராவது சிரிச்சாங்களாம்மா? எவ்ளோ மரியாதையா இருந்துச்சு!"

கடைசி வாரம்

அதற்கப்புறம் சில வாரங்களில் கார்த்திக் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு திரையைக் காட்டினார். செயலி ஜோக் சொல்ல, இன்னொரு இயந்திரம் 'வந்தது', 'வரவில்லை' என்று மார்க் போட்டுக்கொண்டே போனது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் எங்கள் ஒரு ஷிஃப்ட் வேலை முடிந்துவிட்டது. இந்த மாதத்தோடு உங்களுக்கு வேலை இல்லை என்பதைச் சொல்ல அந்தப் பையன் பட்ட பாட்டைப் பார்த்து எங்களுக்கே பாவமாகிவிட்டது. தண்ணீர் குடிக்கச் சொன்னோம்.

மாலை ரயிலில் எனக்கும் விமலாவுக்கும் உட்கார இடம் கிடைத்தது. எதிர் இருக்கையில் ஒருவர் போனில் காமெடி பார்த்துக்கொண்டு முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். விமலா கண்ணாலேயே அவரைக் காட்டினாள். "ஜோக்கு சொல்றதும் அதுவே, சிரிக்கிறதும் அதுவே. பாக்குறதையும் அதையே பாக்கச் சொல்லிட்டா, இவரு ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் நிம்மதியாத் தூங்கலாமேக்கா!"

சிரிப்பைத் தொழிலாக வைத்துப் பிழைத்தவளுக்கு வேலை போனதில் மிஞ்சிய ஒரே லாபம், இனி எதைக் கேட்டாலும் சிரிப்பு வந்ததா, வரவில்லையா என்று யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்பதுதான்.