பனிச்சரிவில் வந்த பதில்

கிர்கிஸ் மலைகளில் வழிகாட்டியான சைராகுல், ஆபத்தில் உதவி கேட்கும் செயற்கைக்கோள் கருவி வாங்கப் போனாள். மலிவான கருவி அழைப்பை மட்டும் அனுப்பும். மற்றொன்றில் பதிலும் வரும்.

"கூப்பிட்டது யாருக்காவது கேட்டுச்சான்னே தெரியாம என்னால உக்காந்திருக்க முடியாது" என்று இரண்டாவதையே எடுத்தாள்.

"வானத்தோட அரட்டையா?" என்று கணவன் மிர்பெக் சிரித்தான்.

ஆகஸ்டில் இருவரும் மலையேறியபோது பனிச்சரிவொன்றில் சிக்கி அவனுக்கே கால் முறிந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. சைராகுல் கருவியின் பொத்தானை அழுத்தினாள். சில நிமிடங்களில் திரையில் எழுத்துகள் தோன்றின: "இடம் தெரிகிறது. ஹெலிகாப்டர் கிளம்புகிறது. மூச்சு சீராக இருக்கிறதா?"

அவள் அதைப் படித்துக் காட்ட, மிர்பெக் வலியை மறந்து அண்ணாந்து பார்த்தான். "யாரு கேக்குறது?"

"தெரியலங்க. எங்கயோ இருந்துட்டு உங்க மூச்ச விசாரிக்கிறாங்க."

"சீராக இருக்கிறது" என்று அவள் பதில் அனுப்பினாள். இரண்டு மணி நேரத்தில், ஹெலிகாப்டர் அவர்கள் தலைக்கு நேர்மேலே வந்து நின்றது.